கண்ணாடி இல்லாத குளியலறை

குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிய மறுநாள் காலையிலும் அவருடைய மனைவி அதே சுவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பல் துலக்கி முடித்து, வாயோரத்து நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் யாரிடமோ விடைபெறுவதுபோல ஒரு சின்னத் தலையாட்டல். சுவரில் நான்கு திருகாணித் துளைகளும், கண்ணாடி இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்த, நிறம் மங்காத ஒரு நீள்சதுரமும்தான் இருந்தன. பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார்.

முப்பத்தெட்டு வருஷம் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவிக்கு மறதிநோய் வந்து இது மூன்றாவது வருஷம். கண்ணாடிக்குள் தெரிந்த நரைத்த தலைக்காரி தான்தான் என்பது அவளுக்குப் புரியவில்லை. "யாரோ ஒருத்தி நான் குளிக்கிறதை வேடிக்கை பார்க்கிறா!" என்று அலறுவாள். கறுப்புக் கால்மிதியைக் கிணறு என்று பயந்து தாண்டப் பார்ப்பாள். ஒருநாள் சோப்பு டப்பாவைக் கண்ணாடிமேல் வீசிவிட்டு, வழுக்கி விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள்.

"அவங்களை மாத்த முடியாதுங்க. இடத்தை மாத்திப் பாருங்க," என்றார் டாக்டர்.

அவர் மறுபடியும் வரைபலகை முன்னால் உட்கார்ந்தார். எத்தனையோ பேருக்கு வீடு வரைந்தவர், அவளுக்காக வரைந்தது இந்த ஒன்றைத்தான். மணல் நிறத்தில் வழுக்காத தரை. கண் கூசாத மஞ்சள் விளக்கு. உட்கார்ந்து குளிக்க மர இருக்கை. கண்ணாடி இருந்த இடத்தில், சுவரின் அகலத்துக்கு, வெளிர்மரத்தில் கைப்பிடி இல்லாத கதவுகளோடு ஓர் அலமாரி. விரலால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், விளிம்புகள் எல்லாம் மழுங்கியிருக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார்.

"பாத்ரூம் இல்லாத வீட்டைக்கூடப் பார்த்திருக்கேன் சார். கண்ணாடி இல்லாத பாத்ரூமை இப்பதான் பார்க்கிறேன்," என்று சிரித்தார் கார்பெண்டர். "உங்க வீட்ல ஷேவிங் எல்லாம் குத்துமதிப்பாத்தான் போல!"

நல்ல வேலைக்காரர். பதினெட்டு நாளில் முடித்தார். கடைசி நாள் கதவை மூடித் திறந்து பார்த்தவர், பக்கவாட்டில் விரல் மடக்கித் தட்டினார். நெற்றி சுருங்கியது. மறுபடி தட்டினார்.

"உள்ளே ஏதாவது வெச்சுட்டீங்களா சார்?"

"இல்லையே. காலியாத்தானே இருக்கு."

"சத்தம் நிறைஞ்ச மாதிரி வருது." திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. "புது மரம். ஈரம் இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர், டீ போடப் போனவரைத் தடுத்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார்.

முதல் நாளே அது பலித்தது. அவள் வாசலில் நின்றாள், மரக்கதவைத் தடவினாள், தானாக உள்ளே போய் இருக்கையில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்றும்போது சிரித்தாள். அவர் அன்று சமையலறையில் நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். இனி நம் கையை மீறாது, சமாளித்துவிடலாம் என்று தோன்றிற்று.

அதற்கப்புறம் தனியாகக் குளிக்க வேண்டும் என்றாள். கதவைச் சும்மா சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். காலை பதினொரு மணி வெயில் கூடத்தில் விழுந்து கிடக்கும். உள்ளே செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தமும், ஈரத்தில் ஊறிய புது மரத்தின் வாசமும், அவள் அலமாரியோடு முணுமுணுப்பதும் கதவிடுக்கு வழியே கசிந்து வரும். நோயாளிகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நிறுத்திய பிறகும் முணுமுணுப்பு இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. அதுதான் இடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவர் போனை மனைவியின் காதில் வைத்தார். அவள் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"யாரு இது?"

"நம்ம பொண்ணும்மா."

"அவளைத்தான் கொடுத்துட்டேனே."

"யாருக்கு?"

"உள்ளே இருக்கிறவளுக்கு. ஆசையாக் கேட்டா." ஈரத்தலையைச் சாய்த்து யோசித்தாள். "எனக்கும் கனமா இருந்துச்சு."

அவர் போய் அலமாரியைத் திறந்தார். மடித்த துண்டுகள். சோப்பு. சீப்பு. மர வாசம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக, கல்யாணமான புதிதில் அவள் பூசிக்கொண்டிருந்த பவுடரின் வாசம். அந்தப் பவுடர் கடைகளில் கிடைக்காமல் போய் இருபது வருஷம் ஆகிறது.

குளியலறையைப் பூட்டினார். அவள் கதவில் கன்னத்தை வைத்து, தாயைப் பிரிந்த குழந்தைபோல விக்கி விக்கி அழுதாள். மனசு கேட்காமல் திறந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது அவளிடம் ஒன்று குறைந்திருந்தது. கரண்டி பிடிப்பது. அவள் பிறந்த வீடு. தன் பெயர். முகம் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்தது, கழுவி வைத்த தட்டுபோல.

அவர் அவள் காலடியில் உட்கார்ந்தார். "என்னை மட்டும் கொடுத்துடாதேம்மா."

அவள் குனிந்து, அவர் கன்னத்தை மெல்லத் துடைத்தாள். முன்பின் தெரியாதவர் அழுதால் துடைப்பதுபோல.

"அழாதீங்க சார். நேத்தே கொடுத்துட்டேன்."

அன்று மதியம் அவள் தூங்கியதும் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பனிக்கண்ணாடி ஜன்னல் வழியே பால்போல வெளிச்சம். அலமாரிக் கதவுகள் சாத்தியிருந்தன. கையை ஓங்கினார்.

"ஸ்கேலு."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

ஒல்லியாக, உயரமாக, எப்போதும் சட்டைப்பையில் அளவுகோலோடு திரிந்தவருக்கு அவள் வைத்த பட்டப்பெயர் அது. நாலு பேர் முன்னால் 'ஏங்க', தனியே இருந்தால் 'ஸ்கேலு'. அதைக் கேட்டு மூன்று வருஷம்.

"சாப்பிட்டியா ஸ்கேலு?"

அவள் குரல். பழைய குரல். மரத்துக்குப் பின்னால், ஒரு விரற்கடை தூரத்தில்.

சாப்பிட்டியா என்று அவரை யாருமே கேட்டதில்லை, இந்த மூன்று வருஷத்தில்.

சுத்தியல் கீழே இறங்கியது. அவர் மர இருக்கையில் உட்கார்ந்தார். ஓடிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் கூவியது. ஓடவில்லை. குரல் பேசிக்கொண்டே இருந்தது. மகள் பிறந்த அன்று அவர் பதற்றத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது. வாடகை வீட்டில் ஒழுகிய மழைக்குக் குடை பிடித்துக்கொண்டே சமைத்தது. எதையும் விடவில்லை. எதையும் தப்பாகச் சொல்லவில்லை.

"நீ... அவ இல்லை," என்றார் அவர்.

"அவகிட்ட இருந்ததெல்லாம் என்கிட்டதான் இருக்கு. அப்புறம் நான் யாரு?"

அவர் சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"இத்தனை நாளும் எல்லாத்தையும் நீ ஒருத்தனே சுமந்துட்ட. கனக்குதுல்ல?"

கனத்தது.

"கொடு."

அலமாரிக் கதவு ஓர் அங்குலம் திறந்தது. உள்ளே இருட்டு. ஈரமான, வெதுவெதுப்பான இருட்டு.

அவள் விழுந்து தாடை கிழிந்த நாளை முதலில் கொடுத்தார். அந்த ரத்தத்தை. அந்த அலறலை. உடனே தோள் லேசானது. மூச்சு இறங்கியது. அப்புறம் இன்னொன்று. இன்னொன்று. போதும் என்று சொல்ல நினைத்தார். அந்த நினைப்பையும் இருட்டு வாங்கிக்கொண்டது.

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது.

கூடத்தில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நல்ல மாதிரி. யார் என்று தெரியவில்லை, கேட்பது நாகரிகமில்லை என்று அவரும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தார். பெட்டியோடு ஓர் இளம்பெண்.

"அப்பா! எத்தனை தடவை போன் பண்றது? ஏன் எடுக்கலை?"

"யாரும்மா வேணும்?"

அந்தப் பெண்ணின் முகம் கலைந்தது. பெட்டி கையிலிருந்து நழுவியது. "அப்பா... நான்ப்பா... விளையாடாதீங்கப்பா..." என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், யாரையோ தேடி வந்திருக்கிறாள் என்று அவருக்கு இரக்கமாக இருந்தது.

அப்போது குளியலறைக்குள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் சிரிப்பு. பிறகு ஓர் ஆணின் குரல், தெம்பாக, பாசமாக.

"வந்துட்டியா கண்ணு? அம்மாவும் நானும் இங்கதான் இருக்கோம். உள்ளே வா."

வாசலில் நின்றவள் அவரைப் பார்த்தாள். குரல் வந்த பக்கம் பார்த்தாள். மறுபடி அவரை. சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மிக அவசரமாக. தேடினார். ஒரு சொல்கூட அகப்படவில்லை.

குளியலறைக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. இதமான மஞ்சள் வெளிச்சம் கூடத்துத் தரையில் நீண்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். அவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.