பச்சமுத்து கேட்ட அளவு

காலை எட்டரைக்கே ராஜகிரிப் பாறைகள் அனல் கக்கத் தொடங்கிவிட்டன. போன புயலில் உடைந்த கரையை மறுபடி கட்டியும் சித்திரை வெயிலில் ஏரி வெடித்துக் கிடந்தது. ரோட்டில் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ்கள் பறந்துகொண்டிருந்தன.

ஏரிக்கரையோரம் மழைமானி இருந்த கம்பிவேலியின் பூட்டைத் திறந்தான் வீரமணி. பதினெட்டு வருஷமாக அங்கே மழையை அளப்பவன் அவன்தான்.

வெள்ள ஆராய்ச்சிக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த மோனிகா பழைய பதிவேட்டை விரித்தாள்.

"போன புயலப்ப சுத்துப்பட்டு பூரா முந்நூறு மில்லிமீட்டருக்கு மேல. இங்க மட்டும் பன்னெண்டா, அண்ணா?"

"அளந்துதான் எழுதினேன், மேடம்."

பொய். புயலன்று மாலை அவன் வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை. மதகுக் காவல்காரன் பச்சமுத்து வழக்கம்போல் போன் செய்தான்.

"அளவு இன்னா, வீரா? மதகத் தொறக்கணுமா?"

போர்வைக்குள்ளிருந்தே "பன்னெண்டு" என்றான் வீரமணி.

"அப்ப நிம்மதியா தூங்குறேன். உன் வாய நம்பித்தான்டா ஏரியே நிக்குது."

விடிவதற்குள் கரை உடைந்தது. பச்சமுத்துவின் உடல் கிடைக்கவேயில்லை. மதகைத் திறக்காமல் குடித்துவிட்டுத் தூங்கினான் என்று ஊர் அவனைத்தான் ஏசியது. அவன் மனைவி பூவாயி தலைகுனிந்து நடந்தாள். வீரமணி வாயைத் திறக்கவில்லை.

"மானியக் கழட்டுங்கண்ணா, பாக்கலாம்."

புனலைத் தூக்கினான். இரண்டு மாதமாகச் சொட்டு மழையில்லை.

உள்ளே பாட்டில் தளும்பிக்கொண்டிருந்தது.

செம்மண் நீர். அழுகிய சேற்றின் வாடை குப்பென்று அடித்தது.

"எவனாவது ஊத்தி வெச்சிருப்பான்," என்று முகம் சுளித்தபடி அளவுக் குவளையில் ஊற்றினாள் மோனிகா. குவளைக்கு இருபது மில்லிமீட்டர். ஒரு குவளை. ஐந்து. பத்து.

பாட்டிலில் நீர் குறையவில்லை.

கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். அவளால் நிறுத்த முடியவில்லை. பதினெட்டுக் குவளை நிறைந்தது. பத்தொன்பதாவதில் நாலே மில்லிமீட்டர். பாட்டில் காலி.

"முந்நூத்தி அறுபத்தி நாலு," என்றாள் மோனிகா.

வீரமணியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

திரையில் பெயர்: பச்சமுத்து ஏரி.

எடுக்காதே என்றது மனம். விரல் கேட்கவில்லை.

காதில் மழை இரைந்தது.

"அளவு இன்னா, வீரா?"

சொன்னால் வேலை போகும். பூவாயி காறித் துப்புவாள். மோனிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் அளக்கவேயில்ல, பச்சமுத்து. முந்நூத்தி அறுபத்தி நாலு."

மறுமுனையில் மழை வலுத்தது.

"சரி. தொறக்குறேன்."

லைன் துண்டானது.

"போன்ல யாருண்ணா?"

வீரமணி பதில் சொல்வதற்குள், காய்ந்த ஏரியின் பக்கமிருந்து, துருப்பிடித்த மதகுத் திருகு கிரீச்சிட்டுச் சுழலும் சத்தம் கேட்டது.

அதற்குப் பின்னால், தண்ணீர்ச் சத்தம்.