நீங்களே சொல்லுங்கள்

செவ்வாயின் மூன்றாம் குவிமாட நகரில் மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால், வீட்டுத் திரையில் கட்டைவிரலை வைத்தால் போதும். தோலடியில் பதித்திருக்கும் குருதிச்சில்லு படிவத்தைத் தானே நிரப்பிவிடும். எடை, சர்க்கரை அளவு, நேற்று யாருக்கும் தெரியாமல் விழுங்கிய அல்வா, போகாத நடைப்பயிற்சி, ஒன்று விடாது. இதைவிட எளிய படிவம் எந்தக் கோளிலும் இல்லை என்று, அதை வடிவமைத்த இளவெயினிக்கு விருது வேறு கொடுத்திருந்தார்கள்.

அந்தப் படிவம் வந்த நாளிலிருந்து எந்திர மருத்துவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். செவ்வாயில் ஈயும் கிடையாது, பாவம்.

அதுகூடப் பரவாயில்லை. இளவெயினியின் கணவர் பரிதிக்குப் பாதத்தில் புண் வந்து சீழ் பிடித்திருந்தது. சர்க்கரைக்காரர். இன்னும் தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டி வரும். கெஞ்சினாள், திட்டினாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். மனிதர் திரைப்பக்கமே திரும்பவில்லை.

"கேட்காமலே எல்லாத்தையும் எழுதிடுது. அப்புறம் அந்த டாக்டர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உட்கார்றது?" என்றார் கடைசியில்.

இதுதானா சங்கதி என்று தலையில் அடித்துக்கொண்டாள் இளவெயினி. அன்றே படிவத்தின் அடியில் 'நீங்களே சொல்லுங்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். சில்லு சொல்வது சிகிச்சைக்கு. மருத்துவர் வாய்திறந்து பேசுவதோ கட்டத்தில் இருப்பதைப் பற்றி மட்டும்.

பரிதி மளமளவென்று நிரப்பினார். இனிப்பைத் தொடுவதே இல்லை, தினமும் நடக்கிறேன், காலில் லேசான கீறல். மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

எந்திர மருத்துவர் இரண்டையும் படித்தார். ஓரிடத்தில்கூட ஒத்துப்போகவில்லை. ஆனால் பொய் சொல்ல வழி கிடைத்த பிறகுதான் ஆள் வந்திருக்கிறார் என்பதை நினைவகத்தில் குறித்துக்கொண்டு, ஊசியை எடுத்தார்.

"வலிக்குமா டாக்டர்?"

வழக்கமாக, ஆமாம், உயிர் போகும் என்றுதான் பதில் வரும். அன்று மருத்துவர் ஒரு கணம் யோசித்தார்.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் சார்."

பரிதி போட்ட அலறல் குவிமாடத்தின் மறுகோடி வரை கேட்டது. கால் பிழைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒன்றையேதான் சொன்னார்.

"கைராசியான டாக்டர்ப்பா. வலியே தெரியல."

மறுநாள் காலையில் மருத்துவமனையில் உட்கார இடமில்லை.