முகத்துவாரத்தில் அறுபட்ட கயிறு

காலை 6.40.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் குறுக்கே கட்டியிருந்த மிதவைத் தடுப்பைக் காணவில்லை.

முதலில் பார்த்தவள் குப்பை பிரிக்கும் பெண். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் எல்லோரும் அவளை வடிகட்டி என்றே கூப்பிடுவார்கள். மூன்று நாள் மழையில் அடித்து வந்த பாட்டில், பை, ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் எல்லாம் நேற்று மாலை வரை தடுப்பில் முட்டி நின்றன. நாற்பது லாரிக்குக் குறையாது. இப்போது அத்தனையும் கடலில். தடுப்பு அக்கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. ஆற்றின் நடுவே இருந்த கான்கிரீட் மேடையில், அதை இழுத்துக் கட்டிய கயிறு அறுபட்டுக் கிடந்தது.

7.05. தடுப்பை வடிவமைத்த எஞ்சினியர் அம்மா போலீசுக்குப் போன் செய்தாள். "யாரோ கயித்த அறுத்துட்டாங்க."

9.15. இன்ஸ்பெக்டர் இரும்பு நடைபாலம் வழியாக மேடைக்கு வந்தார். கயிற்று உருளையருகே குனிந்தார். உருளையில் மூன்று சுற்று மட்டும் கிடந்தது. மீதி இரும்பு, புது கிரீசில் பளபளத்தது. தொங்கிய நுனி, சோப்புக்கட்டியை நறுக்கியதுபோல் ஒரே சீராக வெட்டுப்பட்டிருந்தது.

"இதைச் சுத்துற கைப்பிடி எங்க?"

"என் மேஜை டிராயர்ல, பூட்டி இருக்கு. சாவி எப்பவும் என் இடுப்புலதான்" என்றாள் எஞ்சினியர். "அறுத்தவன் படகுல வந்திருக்கணும் சார்."

9.40. வேரோடு மிதந்து வந்த மரம் ஒன்று பாலத்தில் மோதியது. நடுத்துண்டு அப்படியே ஆற்றில் விழுந்தது. மதியம் இரண்டு மணிக்கு முன் படகு விட முடியாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

ஆக, மேடைமேல் இருந்த பத்தடிக்கு எட்டடி அறை ஒன்றில் நான்கு பேர். இன்ஸ்பெக்டர், எஞ்சினியர், வடிகட்டி, குப்பை அள்ளும் கிரேனை ஓட்டுபவன். கிரேன்காரன் எஞ்சினியருக்குக் கொழுந்தன். இன்ஸ்பெக்டரைத் தவிர மற்ற மூவரும் மூன்று நாளாக மேடையிலேயே தங்கியிருந்தவர்கள். ஜன்னல் திறக்காது. கதவைத் திறந்தால் அலை உள்ளே வந்தது. தூணில் எது மோதினாலும் தரை அதிர்ந்தது. ஈரத்துணி வாடையில் மூச்சு முட்டியது.

"நேத்து இங்க ஏதாவது தகராறு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவர் பார்வை வடிகட்டி மேல் நின்றது.

"நீ சொல்லும்மா."

வடிகட்டி கிரேன்காரனைப் பார்த்தாள். "இவருதான் சார் கத்துனாரு. குப்பை அடைச்சு தண்ணி பின்வாங்குது, மேல இருக்குற வீட்டுக்கெல்லாம் ஏறுது, திறந்து விடுங்க அண்ணின்னாரு. மேடம் முடியாதுன்னுட்டாங்க."

"அதுக்கு அப்புறம் நீ என்னய்யா பண்ணின?"

"என்ன பண்றது? வேலையப் பாத்தேன். உருளையில இருந்த இருபது சுத்துக்கும் கிரீஸ் தடவினேன். இன்னும் கை வழுக்குது சார், டீ கிளாஸ்கூட நிக்க மாட்டேங்குது."

"விடியக்காலையில எங்க இருந்த?"

"கிரேன் கூண்டுக்குள்ள தூங்கிட்டிருந்தேன்."

"பாத்தது யாரு?"

"தூங்குறவன யாரு சார் காவல் காப்பா?"

10.50. மூலையில் சுருட்டி வைத்திருந்த கிரேன்காரனின் பாயை இன்ஸ்பெக்டர் உதறினார். கத்தி ஒன்று கீழே விழுந்தது. அலகு முழுக்கக் கிரீஸ்.

வடிகட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். கிரேன்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"உன்னுதா?"

"ஆமா சார்." சற்றுத் தயங்கினான். "நான்தான் அறுத்தேன். எழுதிக்குங்க."

"டேய்!" எஞ்சினியர் துள்ளி எழுந்தாள்.

"எப்படி அறுத்த?" இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார்.

"எப்படின்னா... கத்தியாலதான். ஒரே இழுப்பு."

"அப்போ மீதி பதினேழு சுத்து எங்கப்பா போச்சு?"

கிரேன்காரன் விழித்தான்.

"விறைப்பா நிக்கிற கயித்த அறுத்தா, உருளையில சுத்தினது சுத்தினபடி கிடக்கும். இருபதும் இருக்கணும். இருக்கிறது மூணு. நுனியும் பிசிறில்லாம இருக்கு. இழுபட்டு நின்ன கயிறா இருந்தா கடைசி இழைங்க பிய்ஞ்சு தொங்கியிருக்கும். யாரோ முதல்ல கைப்பிடியப் போட்டுப் பதினேழு சுத்து மெதுவா விட்டிருக்காங்க. தடுப்பு எதுலயும் இடிக்காம பூப்போல கரை ஒதுங்கியிருக்கு. கயிறு தொய்ஞ்ச பிறகுதான் கத்தி வந்திருக்கு, வெளியாள் வேலைன்னு காட்ட. நாசம் பண்ண வர்றவன் இவ்வளவு பதவிசா பண்ண மாட்டான்."

அவர் எஞ்சினியர் பக்கம் திரும்பினார்.

"கைப்பிடி உங்க டிராயர்ல. சாவி உங்க இடுப்புல. நீங்களே சொன்னதுதாம்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொழுந்தனைத்தான் பார்த்தாள்.

"கத்திய ஏன்டா மறைச்ச?"

"உருளைப் பக்கத்துல கிடந்துச்சு அண்ணி. நீங்கதான்னு புரிஞ்சுது. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவள் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சரைக்கு ஒரு போன் வந்துச்சு சார். தடுப்பு மேலயே என் நம்பர் எழுதியிருக்கு. யாரோ ஒரு பொண்ணு. மாமியார் படுத்த படுக்கையாம். தண்ணி கட்டில் உயரம் வந்துடுச்சு, தூக்க ஆளில்லன்னு அழுதா. என்னை ஒரு வார்த்தை திட்டல. அதான் தாங்க முடியல."

"திறந்தது தப்பில்ல. பொய்ப் புகார் ஏன்?"

"இந்தத் தடுப்பு தண்ணிய மறிக்காதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தவ நான். அதை நம்பி இன்னும் ஆறு இடத்துல இதே தடுப்பு போட்டிருக்காங்க. உண்மையச் சொன்னா ஏழு தடுப்பையும் கழட்டிடுவாங்க. எட்டு வருஷ உழைப்பு சார். கடல்ல ஆமை வயித்துல பிளாஸ்டிக் பையப் பாத்துட்டு ஆரம்பிச்சது."

"அந்த ஆறு ஆத்தங்கரையிலயும் வீடு இருக்கா?"

"இருக்கு."

"இன்னைக்கு அங்க மழை?"

அவள் முகம் வெளிறியது. கை மேஜையைத் துழாவிப் போனை எடுத்தது.

11.20. முதல் இடத்துக்குப் பேசினாள். "தடுப்பத் திறந்து விடுங்க. உடனே. நான் பொறுப்பு." இரண்டாவது இடம், மூன்றாவது இடம். நான்காவது எண் கிடைக்கவேயில்லை. வடிகட்டி தன் போனிலிருந்து விடாமல் அடித்துப் பிடித்துக் கொடுத்தாள்.

ஆறாவது இடத்து மேற்பார்வையாளன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்பது லாரி நிக்குது மேடம்! அப்படியே கடலுக்குப் போயிடும். உசுரே போனாலும் விடாதேன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "திற."

2.10. படகு வந்தது. இன்ஸ்பெக்டர் பொய்ப் புகார் என்று எழுதி நீட்டிய தாளில் எஞ்சினியர் கையெழுத்துப் போட்டாள்.

"அண்ணன்கிட்ட யாரு சொல்றது அண்ணி?"

"நானே சொல்றேன். நீ முதல்ல படகுல ஏறு" என்றாள் அவள்.