சுரங்கத்துக்குப் போகும் வழி

மின்விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அந்த ஜன்னலில்லாத அறையில், மதியம் மூன்று மணிக்கு, தகவல் போகும் வழிகளைக் குறித்துவைக்கும் ரவுட்டரின் பட்டியலில் ஒரே ஒரு வரி இல்லாததை அவள் கவனித்தாள். சுரங்கத்துக்குப் போகும் வழியைப் பக்கத்து ரவுட்டர் சொல்லிக்கொண்டே இருந்தது. இவளுடைய ரவுட்டர் அதைக் கேட்டும் வைத்திருந்தது. தன் பட்டியலில் மட்டும் ஏற்றவில்லை. தம்பியும் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்பான், ஒன்றும் நடக்காது.

அந்தத் தம்பியும் இன்னும் ஐந்து பேரும் இப்போது சுரங்கத்துக்குள் பழுது பார்க்கிறார்கள். உள்ளே விஷவாயு ஏறினால் அதன் அளவு இந்த வழியாகத்தான் இவள் திரைக்கு வரவேண்டும். இவள் சொன்னால்தான் வெளியே ஓடுவார்கள். ஒரு மணி நேரமாக எதுவும் வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள், மணி போகவில்லை.

பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்ததில் காரணம் அகப்பட்டது. போன வாரச் சோதனைக்காக, சுரங்கத்தின் முகவரியை இந்த அறைக்கே திருப்பி அவளே கையால் எழுதிய வரி. அழிக்க மறந்துவிட்டாள். கையால் எழுதியது இருக்கும்வரை, காதால் கேட்டதை ரவுட்டர் சீந்தாது. அப்பாடா, இவ்வளவுதானா!

அழித்தாள். வரி அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தாள். இருந்தது.

அந்தச் சோதனைக்காக வைத்த பெட்டியை அன்றே கழற்றியாயிற்று. அதன் கேபிள் மட்டும், தரைக்கு ஒரு சாண் மேலே பரப்பிய பலகைகளுக்கு அடியில், மறுமுனை எதிலும் சொருகாமல் கிடக்கிறது. ஆனால் ரவுட்டரில் அந்தக் கேபிளுக்கான விளக்கு மினுங்கியது. பலகை இடுக்குகளிலிருந்து ஈரமண் வாடை வந்தது.

போன் அடித்தது. தம்பி.

"டேய், எங்கடா இருக்க? எல்லாரும் வெளிய வாங்கடா!"

"வந்துட்டுதான்க்கா இருக்கோம். நீ போட்ட வயரப் புடிச்சுக்கிட்டே வர்றோம். எடம்தான் ரொம்பக் குறுகுது. மூச்சு முட்டுது."

பயத்தில் இரண்டடி பின்வாங்கினாள்.

"அக்கா... தலைக்கு மேல யாரோ நடக்குறாங்க."

அசையாமல் நின்றாள்.

"இப்ப நின்னுட்டாங்க."

ரவுட்டரிலிருந்து தரைக்குள் போகும் கேபிள் விறைத்தது. காலடியில் ஒரு பலகை ஓரம் எழும்பியது. சேறு படிந்த நான்கு விரல்கள். சுண்டுவிரலில் தம்பியின் பழைய தழும்பு.

பிறகு பக்கத்துப் பலகை. அதற்கடுத்தது. மொத்தம் ஆறு.