கருஞ்சிறுத்தையும் மல்லிகை மொட்டும்

சூரியபிரகாஷ் சித்தப்பாவின் ‘குட்டி யானை’ சரக்கு வண்டி, முனீஸ்வரி பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியது. அதன் ஒரு கதவு கயிறு கட்டினால்தான் மூடும். ஆனால் போன வாரம் அந்த வண்டி ஆளே மாறிப்போனது.

சித்தப்பாவே கறுப்புப் பெயின்ட் அடித்தார். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த மஞ்சள் விளக்குகளை மாட்டினார். கிழிந்த வெள்ளைத் தார்ப்பாயைக் கழற்றிவிட்டுக் கறுப்புத் தார்ப்பாய் கட்டினார். பின்னால் ‘கருஞ்சிறுத்தை’ என்று எழுதிப் படமும் வரைந்தார். சிறுத்தை மட்டும் கொஞ்சம் பூனை மாதிரி வந்துவிட்டது.

“எப்படி இருக்கு முனீசு?”

“செம கெத்து சித்தப்பா!”

அந்தக் கெத்து ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

திருமங்கலம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரில் தினமும் காலையில் மல்லிகை பறிப்பார்கள். சித்தப்பாதான் அதை மதுரைப் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவார். பூ மொட்டாகவே போய்ச் சேர வேண்டும். வழியில் விரிந்துவிட்டால் வாங்க ஆள் இருக்காது.

அன்று மதியம் பூத்தோட்டக்காரர் செல்லத்தாய் கோபமாக வந்தார்.

“தம்பி, இன்னைக்கும் பாதிப் பூ விரிஞ்சு போச்சு. போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே போச்சு?”

“வெயில் அம்புட்டு அடிக்குதுக்கா. நான் என்ன செய்ய?”

“அழகுபாண்டி வண்டிக்கு மட்டும் வெயில் இல்லையா? நாளைக்கு ஒருநாள் பாக்குறோம். அப்பயும் விரிஞ்சா எல்லாரும் அவன் வண்டிக்குப் போயிருவோம்.”

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. பூ இல்லையென்றால் வண்டிக்கு வேலையே இல்லை. அவர் மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. முனீஸ்வரிக்குப் பாவமாக இருந்தது.

போன வாரம் வரைக்கும் நன்றாக இருந்தது, இப்போது இல்லை. இடையில் மாறியது என்ன? முனீஸ்வரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சக்கரத்தில் ஏறி, மேலே இருந்த தார்ப்பாயைத் தொட்டாள்.

“ஐயோ!”

தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி சுட்டது. விரலை ஊதிக்கொண்டே பார்த்தாள். பக்கத்தில் ஆட்டுக் கொட்டகைக்கு மேல் சித்தப்பாவின் கல்யாண பிளக்ஸ் பேனர் கிடந்தது. தன் முகத்தில் காக்கா எச்சம் போடுகிறது என்று சித்திதான் அதைத் திருப்பிப் போட்டிருந்தார். அதனால் வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. முனீஸ்வரி அதையும் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவாகச் சுடவில்லை. அடியில் ஆடுகள் சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

“சித்தப்பா, இங்கிட்டு வாங்க! ரெண்டையும் தொட்டுப் பாருங்க!”

சித்தப்பா தொட்டார். கையை உதறினார்.

“அப்ப என் கருஞ்சிறுத்தை?” என்றார் பரிதாபமாக.

“வண்டி கறுப்பாவே இருக்கட்டும். மேல மட்டும் வெள்ளையாப் போடுவோம். ரோட்டுல நிக்கிறவங்களுக்கு அது எங்க தெரியப்போகுது?”

சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. ஆடுகளை வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு, இருவரும் தார்ப்பாயைக் கழற்றி பேனரைக் கட்டினார்கள். பேனரில் மாலையும் கழுத்துமாக இருந்த சித்தப்பாவும் சித்தியும் இப்போது வண்டிக்குள் தலைகீழாகச் சிரித்தார்கள்.

மறுநாள் முனீஸ்வரியும் மார்க்கெட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடம்தான் லீவாயிற்றே!

மார்க்கெட்டில் வியாபாரி மூட்டையைப் பிரித்தார். உள்ளே கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். முனீஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“என்னப்பா, இப்பத்தான் பறிச்சாங்களா? ஒண்ணுகூட விரியலையே!”

கண்ணைத் திறந்தாள். அவர் கை நிறைய மொட்டு! அப்பாடா என்றிருந்தது. சித்தப்பா அங்கேயே செல்லத்தாய்க்குப் போன் போட்டார்.

“அக்கா, ஒண்ணும் விரியலக்கா!”

“நெசமாவா? அப்ப நாளைக்கு ஒரு மூட்டை கூடவே ஏத்திவிடுறேன்” என்றது போன்.

சித்தப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். “பசிக்குது முனீசு. முதல்ல இட்லி சாப்பிடுவோம்” என்றார். பிறகு, முன்னால் ஒருவருமே இல்லாத ரோட்டைப் பார்த்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.