வேற இடம் பாருங்கோ

காற்று அடித்தது, மரம் ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை.

செல்வநாயகி கையில் கற்பூரத் தட்டோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். வளவின் வடக்கு மூலையில், கூரையைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு நிற்கும் பொஹுடுகாவா மரம் அது. ஒடாஹுஹுவில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, காற்று லேசாக வீசினாலே போதும், யாரோ ஓயாமல் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம் அதிலிருந்து வந்துகொண்டேயிருக்கும். குசினியில் நின்றாலும் கேட்கும், தலைக்கு மேல் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தாலும் கேட்கும். இப்போது கிளைகள் ஆடுகின்றன, தாடி தாடியாகத் தொங்கும் விழுதுகள் ஆடுகின்றன, பக்கத்து வீட்டுக் கொடியில் சேலை படபடவென்று அடிக்கிறது. மரத்தில் மட்டும் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

சொன்னவுடனே போய்விட்டதா என்று நினைத்தாள்.

பூமியின் தென்கோடியில் கிடக்கும் இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். அந்த வடக்கை இந்த மரம் அடைத்துக்கொண்டு நின்றது. இந்த எண்பத்தேழாம் ஆண்டுக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஒரு சொட்டு வெயில் விழவில்லை. சுவரில் கறுப்புப் பூஞ்சணம், அலுமாரிக்குள் ஈர நாற்றம், ஆறு வயது உஷாவின் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற முட்டு வருத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் யோகராணியின் வீடு. அதே வருடம் வந்தவள், அதே அளவு வீடு. ஆனால் அவளுக்குக் காலையிலிருந்து பொழுதுபடும் வரை வெயில். மத்தியானத்துக்குள் உடுப்புக் காய்ந்துவிடும். யன்னலோரச் சட்டியில் ஆடி மாதக் குளிரிலும் பச்சை மிளகாய் காய்க்கும். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் செல்வநாயகி சண்டைக்குப் போவாள். ஆனால் அது பொறாமைதான், அதுவும் சோற்றை இறங்கவிடாத பொறாமை.

மரத்தைத் தறிக்க நகரக் கவுன்சில் இரண்டு தரம் மறுத்துவிட்டது. வந்த அதிகாரி அடிமரத்தைச் சுற்றி அளந்தான், நல்ல மாட்டைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினான், போய்விட்டான். விரி என்ற இடத்தில் ஒரு சாமான் கிட்டங்கியில் வேலை செய்யும் அவள் புருசன் நவரத்தினத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கட வளவு, எங்கட மரம். தறிக்கிறதுக்கு ஆரோ ஒருத்தனிட்டப் பல்லிளிக்க வேண்டிக் கிடக்கு." மூன்றாம் தரம் உஷாவின் வருத்தத்துக்கு டொக்டர் தந்த கடிதத்தோடு போனான். இன்று காலை போன் வந்தது. சரியாம். நாளைக்கே ஆட்கள் வருவார்கள்.

பெரிய மரம் தறிக்க முதல்நாள் அதில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊரில் செல்வநாயகியின் அப்பு அப்படித்தான் செய்வார். சொல்லிவிட்டு, ஆளில்லாத வெறுங்காணிப் பக்கம் கையைக் காட்டிவிடுவார். அவள் கடைத்தெருவுக்குப் போய்த் தேங்காய் வாங்கி வந்தாள். உடைத்தாள், கற்பூரம் கொளுத்தினாள். "இதில குடியிருக்கிறவை ஆராயிருந்தாலும் கேளுங்கோ. நாளைக்கு மரம் தறிக்கப் போறம். கோவிக்காமல் வேற இடம் பாருங்கோ."

எங்கே என்று காட்ட வேண்டுமே. சுற்றிவரக் கூரைகள், வேலிகள், வெறுங்காணி என்று ஒரு துண்டு இல்லை. கண் யோகராணியின் முன்னறை யன்னலில் போய் நின்றது. கண்ணாடி முழுக்க மஞ்சள் வெயில். போன கிழமை உஷா சொன்னது நெஞ்சில் எரிந்தது: "அம்மா, யோகா அன்ரி வீடு வார்ம். ஐ வோன்ட் டு லிவ் தெயார்."

பெற்ற பிள்ளையையும் எடுத்துக்கொண்டாளா? கை தானாக உயர்ந்தது.

"அங்க போங்கோ. அங்க நல்ல வெயில்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் சத்தம் நின்றது.

"அக்கா!"

யோகராணி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி பள்ளிச் சீருடையில் உஷா.

"பள்ளிக்கூடத்தால உங்களுக்குப் போன் அடிச்சவையாம் அக்கா, நீங்கள் கடைக்குப் போயிருந்தியள் போல, எடுக்கேல்லையாம். பிள்ளைக்குச் சரியான முட்டு. நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்து என்ர முன்னறை வெயிலில படுக்க வைச்சிருந்தனான்."

"எப்ப... எப்ப இருந்து?"

"காலமை தொட்டு. இருமின இருமல்! இப்ப சடாரெண்டு நிண்டிட்டுது. எழும்பி நேர நிண்டவ." யோகராணி மரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அனுமதி வந்திட்டுதாமே! கவுன்சில்காரன் என்னட்டயும் வந்து கேட்டவன். பிள்ளையின்ர வருத்தத்தைச் சொல்லி நான் அழுதே போனன். அதுக்குத்தான் மனுசன் இளகினான் போல."

செல்வநாயகி தட்டைப் படியில் வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

வீட்டுக்குள் உஷா சப்பாத்தைக் கழற்றவில்லை, பால் கேட்கவில்லை. நேரே போய் வடக்கு யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பொழுதுபட்டது. லைட்டைப் போட்டாலும் அந்த மூலை வெளிக்கவில்லை. மழையில் ஊறிய மரப்பட்டையின் மணம் அறை முழுக்கப் பரவி, சுவர்ப் பூஞ்சணத்தின் நாற்றத்தையும் அமுக்கிக்கொண்டு, மெல்ல மெல்லத் தொண்டைக்குள் இறங்கியது. செல்வநாயகி முழங்காலில் நின்று பிள்ளையைத் திருப்பினாள். நெஞ்சில் காதை வைத்தாள்.

விசில் இல்லை.

உள்ளே, வெகு ஆழத்தில், யாரோ அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"குஞ்சு... அம்மாவைப் பார். என்னம்மா செய்யுது?"

இங்கே வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் பிள்ளை. இப்போது வாய் திறந்தது. நல்ல தெளிந்த தமிழ்.

"கோவிக்கேல்லை," என்றது.

வேலையால் வந்த நவரத்தினம், இருமலில்லாத பிள்ளையைப் பார்த்து மகிழ்ந்து போனான். அவனிடம் என்னவென்று சொல்வது? எந்த வாயால் சொல்வது? அவள் சொல்லவில்லை.

விடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். வாள் இரைந்தது. கிளை கிளையாக, பிறகு துண்டு துண்டாக, மரம் வந்து நிலத்தில் கிடந்தது. விழும்போதும் அது சத்தம் போட்டதாக அவளுக்குக் கேட்கவில்லை.

பிறகு வெயில் வந்தது. ஒரேயடியாக, கொட்டினது போல. குசினி, கூடம், பூஞ்சணச் சுவர், எல்லாம் மஞ்சள். "வெளியில வாரும்! வந்து பாரும்!" என்று நவரத்தினம் கத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம் யோகராணி கைதட்டினாள். செல்வநாயகி புல்லில் இறங்கி வந்து நின்றாள். முகத்தில் சூடு பட்டது. எத்தனை நாள் ஏங்கிய சூடு. அழுகை வந்தது.

உஷா அவளைத் தாண்டி நடந்தாள். அடிக்கட்டை வரை போனாள். திரும்பி வீட்டைப் பார்த்து நின்றாள்.

வெயில் போய்விட்டது.

நவரத்தினம் வானத்தைப் பார்த்தான். முகில் இல்லை. யோகராணியின் வளவில் வெயில் அப்படியே இருந்தது. அவளுடைய கைதட்டல் பாதியில் நின்றது.

செல்வநாயகி வானத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் சின்னச் சப்பாத்துகளைப் பார்த்தாள். அங்கிருந்துதான் நிழல் தொடங்கியது. முதலில் அடிமரம். பிறகு கிளைகள். தாடி தாடியாக விழுதுகள். புல்லைத் தாண்டி, அவளைத் தாண்டி, சுவரில் ஏறி, கூரை முழுக்க.

காற்று இல்லை. நிழலின் கிளைகள் ஆடின.