விளக்கேற்றிய ஸ்ரேஷனில் தொலைந்த திறப்பு

குற்றம் செய்தவன் எவனும் சுவடு விடாமல் போவதில்லை; அதைக் காணும் கண் நூறாண்டுக்கு ஒருவருக்கே வாய்க்கும். தியாகலிங்கத்தாருக்கு வாய்த்திருந்தது. பருத்தித்துறைப் பொலிஸில் லைற் இல்லாத சைக்கிள்காரரைப் பிடித்துப் பிடித்தே அது கூர்மைப்பட்டது.

1997 தை மாதம். கனடாவில், ரூஜ் பக்கத்துச் சின்ன ரயில் ஸ்ரேஷனில், ரிக்கற் விற்கும் எமில்டாவுக்குப் பாராட்டு விழா. மார்கழிப் பனிப்புயலில் ரயில் நின்றபோது, வேலை முடிந்து வந்த சனத்துக்காக விடியும்வரை வெயிற்றிங் றூமைத் திறந்துவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள். நன்றி சொல்ல வாய் போதும். நம்மவர்களுக்குத் தலைவரும் பொன்னாடையும் குத்துவிளக்கும் வேண்டும். தலைவர் தியாகலிங்கத்தார். விளக்கு என்று வந்தபின் காலணியோடு நிற்கலாமா? பூட்ஸ்கள் கதவடியில் குவிந்தன.

பேச்சு முடிந்ததும் தலைவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சுருட்டுப் பிடிக்கப் பிளாற்போமுக்குப் போனார். திரும்பி வந்தபோது எமில்டா அழுதுகொண்டிருந்தாள். ரிக்கற் அறைப் பூட்டின் திறப்பைக் காணவில்லை.

"சீலைக்குப் பொக்கற் ஏது, அங்கிள்? விளக்குக் கொளுத்தேக்க என்ர பூட்ஸுக்குள்ள போட்டன். இப்ப ரெண்டுக்குள்ளயும் கையை விட்டுப் பாத்திட்டன், இல்லை. அடுத்த ரெயினில சுப்பவைசர் வாறார். போன மாசமும் ஒண்டைத் துலைச்சனான். இனி வேலை போச்சு."

"ஒருத்தரும் அசையக்கூடாது!" நொண்டி நொண்டி நடுவில் வந்து நின்றார் தியாகலிங்கத்தார். "பழைய வெடிக்காயம். குளிருக்குக் குத்துது."

அவர் பார்வை அன்புராசாவில் விழுந்தது. விழா முழுவதும் பூட்ஸோடு வாசலிலேயே நின்றவன் அவன் ஒருவன்தான்.

"கதவடியில நிண்டது நீர்தானே?"

"ஓம் அண்ணை."

"ஏன் பூட்ஸ் கழட்டேல்ல? விளக்குக்கு மரியாதை இல்லையோ?"

அன்புராசா நிலத்தைப் பார்த்தான். "சொக்ஸில ஓட்டை, அண்ணை. பெருவிரல் வெளியால நிக்குது."

சிரிப்பெழுந்தது. எமில்டா மட்டும் சிரிக்கவில்லை. தூரத்தில் ரயில் ஊதியது.

"அண்ணை," என்றாள் வடைத் தட்டோடு நின்ற பேபி, "உங்களுக்கு வெடி பட்டது இடது காலில எண்டுதானே சொல்லுறனீங்கள்? இண்டைக்கு வலது காலையெல்லோ நொண்டுறியள்?"

தியாகலிங்கத்தார் குனிந்து தன் கால்களை நோக்கினார். கதவடியில் மிஞ்சியிருந்த எமில்டாவின் பூட்ஸைப் பார்த்தார். கறுப்பு, மேலே ரோமக்கரை. முனை இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. இரண்டுமே வலது கால்.

நல்ல பொலிஸ்காரனுக்கு ஒரு கணம் போதும்.

"குற்றவாளி," என்றார் மெதுவாக, "நான்தான். எமில்டான்ர இடது பூட்ஸ் என்ர வலது காலில கிடக்குது. குதிக்கால்ல குத்தினது வெடியில்லை."

கழற்றி உதறினார். திறப்பு சிமெந்துத் தரையில் கிணுங்கென்று விழுந்தது.

சுப்பவைசர் இறங்கி வந்தபோது ரிக்கற் யன்னல் திறந்திருந்தது. அவர் போனதும் எமில்டா ஓடிவந்து, தன் பொன்னாடையைத் தியாகலிங்கத்தாரின் தோளில் போர்த்தினாள். "நீங்கள் நல்லா இருக்கோணும், அங்கிள். வேற ஆரெண்டாலும் மறைச்சிருப்பினம்." அவர் கண் கலங்கியது.

பேபிக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சம். "அதெப்பிடி அண்ணை, பொம்பிளையளின்ர பூட்ஸெண்டு போடேக்க தெரியேல்லையே?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

அவருடைய பூட்ஸும் மலிவு விற்பனையில், பெண்கள் பகுதியில் வாங்கியது.